மின்சாரத்தில் பசளை செய்யலாம். காபனை எங்கே எடுப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

50 கிலோ யூரியா மூட்டை ஒன்றை நிலவாயுவும் நிலக்கரியும் இல்லாமல், மின்சாரத்தை மட்டும் நம்பிச் செய்வதானால் சுமார் 300 அலகு வேண்டும். மாதம் 90 அலகு பாவிக்கும் வீட்டுக்கு அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்சாரம். "நண்பகலில் வீணாகிற சூரிய மின்சாரத்தைக் கொண்டு பசளை செய்யலாமே, மெதனோல் செய்யலாமே" என்று மேடைகளிலும் பத்திரிகைப் பக்கங்களிலும் இப்போது அடிக்கடி கேட்கிறது. யோசனையில் பிழையில்லை. ஆனால் சொல்கிறவர்கள் இந்த 300 அலகைத் தொடுவதே இல்லை. அதைத் தொட்டுப் பார்த்தால் எதை முதலில் செய்ய வேண்டும், எதை இப்போதைக்கு விட்டுவிட வேண்டும் என்பது தானாகத் தெரியவரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இரசாயனத் தொழிற்சாலையில் எண்ணெயும் வாயுவும் விறகாகவும் இருக்கின்றன, அரிசியாகவும் இருக்கின்றன. விறகுக்குப் பதிலாக மின் அடுப்பு வைக்கலாம். கூரையில் சூரியத்தகடு போட்டுப் பம்பிகளை ஓட்டலாம். ஆனால் உலையில் போடும் அரிசி வேறு. யூரியா ஆலைக்குள் போகும் மீதேன் வாயுவிலிருந்து ஐதரசனும் வருகிறது, காபனீரொட்சைட்டும் வருகிறது. ஐதரசன் காற்றிலுள்ள நைதரசனோடு சேர்ந்து அமோனியா ஆகிறது. அமோனியாவும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து யூரியா ஆகின்றன. ஒரே மூலப்பொருள் இரண்டு தேவையையும் தீர்த்துவிடுவதால்தான் அந்த முறை இவ்வளவு மலிவாக நடக்கிறது. மீதேனை எடுத்துவிட்டு மின்சாரத்தை வைத்தால் ஐதரசன் கிடைக்கும், காபன் கிடைக்காது. மின்கம்பியில் காபன் ஓடுவதில்லை.

இலங்கைக்கு யூரியா உற்பத்தி புதிதல்ல. 1969இல் தொடங்கிய சபுகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சிய நாப்தா என்ற இலேசான எண்ணெயைக் கொண்டு, அதன் அருகிலேயே 1980களில் அரச யூரியா ஆலை ஒன்று இயங்கியது. சில ஆண்டுகளே ஓடியது. நாப்தாவில் செய்த யூரியாவை விட இறக்குமதி யூரியா மலிவாக இருந்ததே அது நின்றதற்குப் பெரிய காரணம். இயந்திரம் சரியாக ஓடினாலும் மூலப்பொருளின் விலை ஆலையை மூடிவிடும் என்பதற்குக் கொழும்புக்குப் பக்கத்திலேயே கிடைத்த உதாரணம் அது. மறுபக்கத்தில், 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்படும் வரை வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் நடந்ததை மறந்துவிட்டு, "இறக்குமதியே போதும்" என்று சொல்லவும் எமக்கு மனமில்லை.

இனிக் கணக்கு. நீரை மின்பகுத்து ஒரு கிலோ ஐதரசன் எடுக்க, துணை இயந்திரங்களையும் சேர்த்து 50 முதல் 55 அலகு செல்லும். 52 என்று வைத்துக்கொள்வோம். கோட்பாட்டளவில் 39.4 அலகு போதும். மீதி வெப்பமாகப் போகிறது, அந்த வெப்பத்தை அகற்றவும் நீர் வேண்டும். ஒரு தொன் அமோனியாவுக்கு 178 கிலோ ஐதரசன், அதாவது 9,250 அலகு. காற்றிலிருந்து நைதரசனைப் பிரிக்கவும் வாயுக்களை அமுக்கவும் சேர்த்தால் 10,000 அலகு. ஒரு தொன் யூரியாவுக்கு 0.57 தொன் அமோனியாவும் 0.73 தொன் காபனீரொட்சைட்டும் வேண்டும். அமோனியாவுக்கு மட்டும் 5,700 அலகு. காபனீரொட்சைட்டைப் பிடித்து அமுக்குவதையும் யூரியா உலையையும் சேர்த்தால் 6,000 தாண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் தொன் யூரியா என்றால் 60 கோடி அலகு. முழு நாட்டின் ஆண்டு மின்னுற்பத்தியோ ஏறத்தாழ 1,600 கோடி அலகு. மன்னார் தம்பபவனிக் காற்றாலையின் 30 சுழலிகளும் சேர்ந்து 103.5 மெகாவோட், நிறுவிய கொள்ளளவில் 37 சதவீதம் உற்பத்தியாகிறது என்று எடுத்தால் ஆண்டுக்கு 33.5 கோடி அலகு. ஆக, ஒரு லட்சம் தொன்னுக்கே இன்னும் இரண்டு தம்பபவனி வேண்டும், அவை வீட்டு விளக்குக்கு ஒரு அலகும் கொடுக்காமல்.

விலையைப் பார்ப்போம். மன்னாரில் ஒரு காலத்தில் பெரும் சர்ச்சையான அதானி காற்றாலைத் திட்டத்தின் விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். பின்னர் 50 மெகாவோட் காற்றாலை ஒன்றுக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது 4.65 சதம். முதலாவது விலையில் ஒரு தொன் அமோனியாவுக்கு மின்செலவு மட்டும் 826 டொலர், இரண்டாவதில் 465 டொலர். இந்தியாவில் 2025இல் அரசு நடத்திய பசுமை அமோனியா ஏலங்களில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 முதல் 65 இந்திய ரூபாவுக்கு ஒப்பந்தமானது. அதுவும் அரச ஊக்கத்தொகையைக் கணக்கில் எடுத்த பிறகு. அலகு விலை 4 சதத்தைச் சுற்றி இல்லாவிட்டால் பேச்சே வேண்டாம்.

மின்சாரத்தில் அமோனியா செய்வது எதிர்காலத் தொழில்நுட்பம் என்று எழுதுகிறார்கள். அது தவறு. நோர்வேயின் றியூக்கனில் 1920களின் இறுதியிலிருந்து நீர்மின்சாரத்தால் நீரைப் பிரித்து அமோனியா செய்தார்கள். 1960இல் எகிப்தின் அஸ்வானில் அதே முறை வந்தது. 1960களில் பஞ்சாப் நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தில் செய்தார்கள். மூன்றும் பிற்காலத்தில் அந்த முறையைக் கைவிட்டன. தொழில்நுட்பம் தோற்கவில்லை. எண்ணெயும் வாயுவும் மலிவாகக் கிடைத்தன, அதே மின்சாரத்துக்கு நகரங்கள் கூடிய விலை கொடுத்தன. எமது மின்சார சபைக்கும் நாளை இதே கேள்வி வரும்: இரவு ஏழு மணிக்கு டீசலில் மின்சாரம் செய்துகொண்டே, பகலில் மலிவு மின்சாரத்தைப் பசளை ஆலைக்குக் கொடுப்பதா, மின்கலங்களில் சேர்த்து இரவுக்கு வைப்பதா? எமது கருத்தில், ஒரு நாளுக்குள் இடம்மாற்றக்கூடிய மின்சாரம் மின்கலத்துக்கே போக வேண்டும். மன்னாரில் தென்மேல் பருவக்காற்று விடாமல் வீசும் மாதங்களில் வாரக்கணக்கில் மிஞ்சுகிற மின்சாரத்தை எந்த மின்கலமும் தாங்காது. இரசாயனத்துக்கு உரியது அது.

நண்பகல் மிச்சத்துக்கு வருகிறோம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரியத்தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை பாவனையாளரைக் கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். அந்த நேரத்தில் ஒரு மின்பகுப்பான் இருந்திருந்தால் மின்சாரம் சும்மா கிடைத்திருக்கும், உண்மை. ஆனால் இயந்திரம் சும்மா கிடைக்காது. ஞாயிறு, போயா, பண்டிகை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80 நாள், நாளுக்கு 5 மணி: மொத்தம் 400 மணி. நிறுவி முடிக்க ஒரு கிலோவோட்டுக்கு 1,500 டொலர் ஆகும் மின்பகுப்பானுக்கு, வட்டியும் தேய்மானமும் ஆண்டுக்கு 150 டொலர் என்று குறைத்தே வைப்போம். 400 மணியில் அந்தக் கிலோவோட் தரும் ஐதரசன் 7.7 கிலோ. கிலோவுக்கு இயந்திரச் செலவு மட்டும் ஏறத்தாழ 20 டொலர். அதே இயந்திரம் 4,000 மணி ஓடினால் 2 டொலர். மிச்ச மின்சாரம் இலவசம் என்று நம்பிக் கட்டும் ஆலைதான் உலகிலேயே விலை கூடிய ஐதரசனைச் செய்யும். சூரியன், காற்று, இரண்டும் இல்லாதபோது மின்தொகுதி என்று மூன்றையும் கலந்து ஆண்டுக்கு 4,000 மணிக்கு மேல் ஓட வழி இருக்கிறதா என்பதே முதற் கேள்வி.

ஏறி இறங்கும் மின்சாரத்தில் மின்பகுப்பானை ஓட்டும்போது எங்கே கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. பரவலாக விற்கப்படும் கார வகையில் 25 முதல் 30 சதவீத பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 70 முதல் 90 பாகை சூட்டில் சுழல்கிறது. இரு மின்வாய்களுக்கு நடுவிலுள்ள தடுப்பினூடாக ஐதரசன் சிறிதளவு ஒட்சிசன் பக்கம் கசிவது இயல்பு. முழுச் சுமையில் நிறைய ஒட்சிசன் வருவதால் அந்தக் கசிவு கரைந்து தெரியாமல் போகும். முகில் மூடிச் சுமை 20 சதவீதத்துக்கு இறங்கினால் கசிவு அப்படியே இருக்க, ஒட்சிசன் மட்டும் குறைகிறது. கலவையில் ஐதரசன் 4 சதவீதத்தைத் தொட்டால் தீப்பற்றும். அதற்கு வெகு முன்பே, 2 சதவீதத்தில், பாதுகாப்புக் கருவி ஆலையை நிறுத்திவிடும். நிறுத்தினாலும் தொல்லை. மின்சாரம் நின்றதும் அடுக்கிய கலங்களில் மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடி நிக்கல் மின்வாய்களை அரிக்கும். ஆடி மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முகில் வந்து போகும் இடத்தில் இப்படிப் பத்துத் தடவை நிறுத்தித் தொடங்கினால், உற்பத்தியாளர் சொன்ன 60,000 மணி ஆயுள் காகிதத்தோடு நின்றுவிடும். மென்சவ்வு வகை இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதற்கு இரிடியம் வேண்டும், நீரும் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும்.

நீரைப் பற்றித் தேவையற்ற பயமொன்று உண்டு. "குடிக்கத் தண்ணீர் இல்லாத வடக்கில் ஐதரசனா?" என்று கேட்கிறார்கள். ஒரு கிலோ ஐதரசனுக்கு 10 லீற்றர் தூயநீர் போதும். குளிரூட்டலையும் கழிவுநீரையும் சேர்த்தால் அதன் இரு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு. கடல்நீரை உப்பகற்ற ஒரு கன மீற்றருக்கு 3 முதல் 4 அலகு செல்லும். ஐதரசனுக்குச் செல்லும் மின்சாரத்தோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு கணக்கே அல்ல. வில்லங்கம் அளவில் இல்லை, தரத்தில்தான். சிலிக்காவும் குளோரைட்டும் சிறிது தப்பி உள்ளே போனாலும் கலங்களின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல ஏறும். ஒரு நாளில் தெரியாது, ஆறு மாதத்தில் மின்பில்லில் தெரியும். கிணற்று நீரை எடுக்க ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லின் அடியில் உப்புநீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையைத் தொழிற்சாலைக்குத் திறந்துவிட்டால் பிறகு மூட முடியாது.

அமோனியா உலை இன்னும் பிடிவாதமானது. இரும்பு ஊக்கி, 400 முதல் 500 பாகை சூடு, 150 முதல் 250 பார் அமுக்கம். ஒரு சுற்றில் 15 முதல் 20 சதவீதமே மாறும். மாறியதைக் குளிரவைத்து எடுத்துவிட்டு மீதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐதரசனோடு ஒட்சிசனோ நீராவியோ பத்து இலட்சத்தில் சில பங்கு அளவில் வந்தாலே ஊக்கி மந்தமாகும். ஆகவே பலேடியம் ஊக்கியால் ஒட்சிசனை எரித்து, மூலக்கூற்று வடிதட்டால் உலர்த்தித்தான் உள்ளே விட வேண்டும். தினமும் சூடாகிக் குளிர்வதை இந்த உலை பொறுக்காது. மின்சாரம் ஏறி இறங்கினாலும் இதற்குப் போகும் ஐதரசன் சீராக இருக்க வேண்டும். இடையில் தாங்கி வேண்டும் என்பது இதனால்தான். நாளுக்கு 20 தொன் அமோனியா செய்யும் சிறிய ஆலையை எடுங்கள். 24 மணியும் மின்சாரம் கிடைத்தால் 8 மெகாவோட் மின்பகுப்பான் போதும். பகல் 6 மணி வெயிலை மட்டும் நம்பினால் 31 மெகாவோட் வேண்டும்; மீதி 18 மணிக்கும் சேர்த்து 2.7 தொன் ஐதரசனைச் சேமித்தும் வைக்க வேண்டும். 30 பார் அமுக்கத்தில் ஒரு கன மீற்றருக்குள் அடங்குவது சுமார் 2.4 கிலோ. ஆயிரம் கன மீற்றருக்கும் மேற்பட்ட அமுக்கத் தாங்கிகள், வெறும் 20 தொன்னுக்காக!

இவ்வளவும் தாண்டி அமோனியா வந்துவிட்டது என்றே வைப்போம். யூரியாவுக்குக் காபனீரொட்சைட்டு எங்கே? நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் புகையில் 12 முதல் 14 சதவீதமாக, சாம்பலோடும் கந்தகத்தோடும் கலந்து இருக்கிறது. காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் அமீன் கரைசலைக் கந்தகம் உண்டுவிடும். சுத்தமாக்கிப் பிடிக்க ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 1,000 அலகுக்கு ஈடான வெப்பம் வேண்டும். பிடிக்க முடியாது என்பதல்ல. தூத்துக்குடியில் சோடாச் சாம்பல் செய்யும் ஆலை ஒன்று தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிடித்துப் பாவித்துக் காட்டியிருக்கிறது. எமது மறுப்பு வேறு. அந்தக் காபன் மண்ணுக்கடியிலிருந்த நிலக்கரியின் காபன். யூரியாவாக்கி வயலில் எறிந்தால், மண்ணிலுள்ள நொதியம் சில நாட்களிலேயே அதை உடைத்து வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். புகைபோக்கியால் போக வேண்டியது வயல்வழியே போகிறது, அவ்வளவுதான். மூலப்பொருள் மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஏற்றுமதி செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று: மின்நிலையப் புகையிலிருந்து பிடித்த காபனில் செய்த எரிபொருளை ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2036இலிருந்து பசுமையானதாக ஏற்கா, சீமெந்து போன்ற ஏனைய ஆலைகளின் காபனில் செய்ததை 2041இலிருந்து ஏற்கா. இன்று அடிக்கல் நாட்டும் ஆலை கடனைக் கட்டி முடிக்கும் முன்னரே சந்தை மூடிவிடும்.

புத்தளம் பாலாவிச் சீமெந்துச் சூளையின் கதை கொஞ்சம் வித்தியாசம். சுண்ணக்கல் சுடும்போது 100 கிலோவுக்கு 44 கிலோ காபனீரொட்சைட்டு கல்லிலிருந்தே வருகிறது. சூளையை மின்சாரத்தில் ஓட்டினாலும் அது வந்தே தீரும். பிடிக்க வேண்டிய இடங்களில் அதுவும் ஒன்று, ஆனால் மலிவான வேலையல்ல. மிகச் சுத்தமான காபன் கிடைப்பது மதுசார வடிசாலைகளின் நொதிப்புத் தொட்டிகளில். ஒரு லீற்றர் மதுசாரத்துக்கு முக்கால் கிலோ காபனீரொட்சைட்டு, கிட்டத்தட்ட கலப்பில்லாமல் வருகிறது. கரும்பும் தென்னையும் காற்றிலிருந்து எடுத்த காபன் அது. கழுவி உலர்த்தி அமுக்கினால் போதும். ஆனால் ஒரு லட்சம் தொன் யூரியாவுக்குப் பத்துக் கோடி லீற்றர் மதுசாரம் வடிக்க வேண்டும். பெல்வத்த, செவனகல, ஹிங்குரான ஆகிய கரும்பாலைகள் மூன்றையும் கூட்டி, தென்னஞ்சாராயம் முழுவதையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. அவ்வளவு குடிக்கவும் முடியாது.

மெதனோலும் இதே கிணற்றில்தான் விழுகிறது. ஒரு தொன்னுக்கு 1.4 தொன் காபனீரொட்சைட்டும் 190 கிலோ ஐதரசனும் வேண்டும். செம்பு, நாக ஒட்சைட்டு ஊக்கி கந்தகத்தையும் குளோரீனையும் சிறிதும் பொறுக்காது. ஐஸ்லாந்தில் 2012 அளவில் ஆண்டுக்கு 4,000 தொன் ஆலை ஒன்று நிலவெப்பக் கிணறுகளின் காபனீரொட்சைட்டைக் கொண்டு ஓடியது. டென்மார்க்கின் காசோவில் 2025இல் தொடங்கிய ஆலை 42,000 தொன். அதன் காபன் சாணமும் பண்ணைக் கழிவும் தரும் உயிர்வாயுவிலிருந்து வருகிறது. இரண்டும் காபன் இருக்கும் இடத்தில் கட்டப்பட்டவை. மெதனோல் ஆலைக்கு இடம் தேடுபவர்கள் காற்றாலை வரைபடத்தை விரிப்பதற்கு முன் வடிசாலை வரைபடத்தை விரிக்க வேண்டும். பல்லாயிரம் தொன் கனவை விட்டு, ஒரு வடிசாலையோடு ஒட்டிய சில ஆயிரம் தொன் ஆலை என்றால் யோசிக்கலாம். அதற்கு மேல் இப்போதைக்கு எழுத எமக்கு எதுவுமில்லை.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: காபன் தேவைப்படாத பொருளிலிருந்து தொடங்குங்கள்.

அப்படிப்பட்ட பொருட்களில் முதலாவது எமது நாட்டில் ஏற்கெனவே செய்யப்பட்டது. கிளிநொச்சி மாவட்டம் பரந்தனில் 1950களில் தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் குளோரீனும் எரிசோடாவும் செய்தது. 1980களின் நடுப்பகுதியில் போர் அதை நிறுத்தியது. பெயர் தாங்கிய நிறுவனம் இப்போதும் இருக்கிறது. குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரீனை இறக்குமதி செய்து கொடுக்கிறது. உலகில் எண்ணெயும் வாயுவும் இல்லாமல் மின்சாரமும் உப்பும் நீரும் மட்டும் கொண்டு பேரளவில் நடக்கும் முதன்மையான இரசாயனத் தொழில் இது. இதற்கு எந்த மேடையிலும் புதிய பெயர் சூட்டத் தேவையில்லை.

அளவு எவ்வளவு? தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை நாளொன்றுக்கு 20 இலட்சம் கன மீற்றர் அளவில் நீர் தருகிறது. கன மீற்றருக்கு 2.5 கிராம் குளோரீன் என்றால் நாளுக்கு 5 தொன். வெளுக்கும் திரவம், ஐதரோகுளோரிக் அமிலம் ஆகியவற்றுக்கும் சேர்த்து நாளுக்கு 10 தொன் ஆலை என்று வைப்போம். மின்சாரம் நாளுக்கு 25,000 அலகு. அதாவது இடைவிடாத ஒரு மெகாவோட், அவ்வளவே. உப்பு 17 தொன். குளோரீன் 10 தொன்னோடு எரிசோடா 11.3 தொன்னும் ஐதரசன் 280 கிலோவும் கூடவே வரும். அந்த ஐதரசனில் அமோனியா செய்யலாமே என்றால், நாளுக்கு ஒன்றரைத் தொன்தான் வரும். அதற்கென ஓர் உலை கட்டுவது வீண். குளோரீனின் ஒரு பகுதியோடு எரித்து ஐதரோகுளோரிக் அமிலமாக்கலாம். அல்லது கொதிகலனில் எரித்து, 32 சதவீதமாக வரும் எரிசோடாவை 50 சதவீதமாக வற்றவைக்கலாம். இல்லாவிட்டால் அந்தக் கொதிகலனுக்கு உலைஎண்ணெய்தான் வேண்டியிருக்கும்.

கெடும் இடம் உப்பில் இருக்கிறது. இன்றைய மென்சவ்வுக் கலங்கள் பழைய முறையைப் போல எதையும் விழுங்கா. உப்பளத்தில் உப்புநீரின் செறிவு 25 பாகை போமேயைத் (செறிவை அளக்கும் அளவுகோல்) தாண்டியதும் உப்புப் படியத் தொடங்கும். 29, 30 பாகைக்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசியமும் கூடவே இறங்கும். எடை கூடட்டும் என்று மிஞ்சும் கசப்புநீரை வடிக்காமல் விடுவதும் உண்டு. சமையலுக்கு அது கசப்பு, மென்சவ்வுக்கு நஞ்சு. உப்பைச் செறிவான உப்புநீரால் கழுவ வேண்டும். பிறகு கரைசலில் சோடியம் காபனேற்றை இட்டுக் கல்சியத்தையும், எரிசோடாவை இட்டு மக்னீசியத்தையும் வீழ்த்தி வடிக்க வேண்டும். கடைசியாக அயன்மாற்றுப் பிசினில் விட்டு, இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும். மக்னீசியம் தப்பினால் மென்சவ்வில் படிந்து மின்னழுத்தத்தை ஏற்றும். கல்சியம் தப்பினால் மின்னோட்டத் திறன் விழும். மின்னழுத்தம் 0.1 வோல்ற்று உயர்ந்தால் ஒரு தொன் குளோரீனுக்கு 80 அலகு வீண். ஒன்று பழுதானால் மற்றது என்று பிசின் நிரல் இரண்டு வைத்திருந்தாலும், பரிசோதனைக்கூடத்தில் ஆளில்லாத ஒரே ஒரு போயா வாரத்தில் மூன்றாண்டு ஓட வேண்டிய மென்சவ்வுகள் போய்விடக்கூடும்.

மின்சாரத்துக்கேற்ப ஆலையை ஓட்ட முடியுமா? ஓரளவு முடியும். காற்று நன்றாக வீசும்போது முழுச் சுமை, மாலை உச்ச நேரத்தில் பாதிச் சுமை. எரிசோடா தாங்கியில் கிடக்கும். அதைச் சேமிப்பது எளிது. தினமும் முழுதாக நிறுத்தக் கூடாது. நிறுத்த நேர்ந்தால் மின்வாய்களைக் காக்கச் சிறு மின்னோட்டம் தந்துகொண்டேயிருக்க வேண்டும். அதற்கென ஒரு டீசல் பிறப்பாக்கியைத் தனியே வைக்க வேண்டும். குளோரீனைப் பெருமளவு தேக்கவே கூடாது. 900 கிலோ உருளைகளில் நிரப்பி உடனுக்குடன் அனுப்ப வேண்டும். கசிந்தால் உறிஞ்ச எரிசோடாக் கோபுரம் எந்நேரமும் சுழல வேண்டும். பரந்தன் இப்போது வெறும் நிலமல்ல, சனம் குடியிருக்கும் ஊர். பழைய இடத்திலேயே கட்ட வேண்டும் என்ற உணர்ச்சிக்காக இடைவெளித் தூரத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரண்டாவது அமோனியா, ஆனால் பசளைக்காக அல்ல. இறப்பர் பாலைச் செறிவாக்கும் ஆலைகள் அது கெடாமலிருக்க அமோனியா சேர்க்கின்றன: உயர் அமோனியா வகையில் குறைந்தது 0.6 சதவீதம். களுத்துறை, கேகாலைப் பக்கத்துப் பாலிலிருந்து கையுறை ஆலைவரை இது போகிறது. மீன்பிடித் துறைமுகங்களின் ஐஸ் தொழிற்சாலைகளுக்கும் குளிரூட்ட அமோனியா வேண்டும். இவர்கள் வாங்குவது சிறிய அளவில், உருளையிலும் தாங்கியிலும், கப்பல் செலவும் கமிஷனும் ஏறிய விலையில். மின்சார அமோனியா போட்டியிட வேண்டியது இந்த விலையோடுதான். உலகச் சந்தைப் பசளை விலையோடு அல்ல. நாளுக்கு 5 தொன், 10 தொன் என்ற அளவில் மன்னார்க் காற்றோடு இணைத்துத் தொடங்க இடமிருக்கிறது. சிறு குறிப்பு: உருக்குத் தாங்கி வெடிப்பதைத் தடுக்க அமோனியாவில் 0.2 சதவீத நீர் விடுவது வழக்கம், ஐஸ் இயந்திரத்துக்கோ உலர்ந்த அமோனியா வேண்டும். இரண்டு தரத்துக்கும் இரண்டு தாங்கி வேண்டும். ஒன்றில் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பசளைக்கு அதன் பிறகு வரலாம். தேயிலைக்குப் பழக்கமான அமோனியம் சல்பேற்று காபன் கேட்பதில்லை. ஒரு தொன்னுக்கு 0.26 தொன் அமோனியா போதும். ஆனால் 0.74 தொன் கந்தக அமிலம் வேண்டும், உலகின் கந்தகத்தில் பெரும்பங்கோ எண்ணெயையும் வாயுவையும் சுத்திகரிக்கும்போதுதான் கிடைக்கிறது. முன்வாசலால் துரத்திய எண்ணெய் பின்வாசலால் வருகிறது! உப்பளங்களில் உப்புக்கு முன்னரே படியும் ஜிப்சத்தைக் கந்தகத்துக்குப் பதிலாகப் பாவிக்கும் பழைய முறை உண்டு, ஆனால் அதற்குக் காபனீரொட்சைட்டும் வேண்டும். 1951இல் இந்தியாவின் சிந்திரி ஆலை ஜிப்சத்தில்தான் தொடங்கியது. எமது உப்பளங்களின் ஜிப்சம் அளவில் சிறிது என்றாலும் ஒரு மாதிரி ஆலைக்குப் பரிசீலிக்கத் தகும். அமோனியம் நைத்திரேற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2020இல் பெய்ரூத் துறைமுகம் எப்படிப் போனது என்று எல்லோரும் பார்த்தோம்.

திட்டங்களை மதிப்பிடும் அதிகாரிகளிடம் எமது வேண்டுகோள் சில. "பசுமை ஐதரசன்" என்று எழுதிய எந்தப் பிரேரணை வந்தாலும், ஆண்டுக்கு எத்தனை மணி ஓடும், காபன் எந்தப் புகைபோக்கியிலிருந்து அல்லது எந்தத் தொட்டியிலிருந்து வரும் என்ற இரண்டையும் முதற் பக்கத்திலேயே கேளுங்கள். கிலோவுக்கு எத்தனை அலகு என்ற உத்தரவாதத்தைப் புதிய இயந்திரத்துக்கு வாங்காதீர்கள். கலங்கள் ஆண்டுக்கு ஒரு சதவீதம் அளவில் தேயும், ஆகவே பத்தாம் ஆண்டின் முடிவுக்கு வாங்குங்கள். குறைந்தபட்சச் சுமை என்ன, அதற்குக் கீழே போனால் யார் நட்டம் தாங்குவது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு கிலோ ஐதரசனோடு எட்டுக் கிலோ ஒட்சிசன் வருகிறது. அதைக் காற்றில் விடுவதாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். மன்னாரில் காற்றாலை கூட்டுவதானால் வலசைப் பறவைகளின் வழியைப் பற்றி அங்குள்ள மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு முதலில் பதில் வேண்டும். பசளைக்காக என்று சொன்னதால் அந்தக் கேள்வி செத்துவிடாது.

மின்சார சபையிடமும் ஒன்று. சூரிய, காற்று மின்சாரம் எந்தக் கிரிட் உபநிலையத்தில், எந்த நாளில், எந்த மணியில், எத்தனை மெகாவோட் நிறுத்தி வைக்கப்பட்டது என்ற மணிவாரிக் கணக்கை மாதந்தோறும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். மன்னாரில் 5 தொன் ஆலையா 20 தொன் ஆலையா, தாங்கி ஆயிரம் கன மீற்றரா இருநூறா என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் எவராலும் தீர்மானிக்க முடியும்.

இப்படிக்கு,
இரசாயனத் தொழில்துறைப் பொறியியலாளர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.